எனக்கு ஒரு வாரம் முன்னால்

இந்த வாரம் எனக்கு மருந்து இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கை சும்மா இருக்கிறது, மனம்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. என்னைப் போல ஒரு புது மருந்தை உடம்பில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருப்பார்கள். ஒப்புக்கொள்ளலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களும் இருப்பார்கள். டாக்டர்கள் அவர்களுக்கு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்வார்கள். காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலியில் யார் இருப்பார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதை நான் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் ஒரு அரிசிப் பையில் தொடங்கியது. ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளக் கடையில் வாங்கிய சின்னப் பைதான். லிஃப்ட்டுக்குள் அதைத் தூக்கி வைக்கக் குனிந்தபோது நடு முதுகில் அப்பளம் நொறுங்குவது போல ஒன்று நொறுங்கியது. வயசாகிவிட்டது என்று தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்தேன். வலி போகவில்லை. பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மறுபடி ரத்தம், ஸ்கேன், இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தது. முடிவில் ஒரு பெயர் சொன்னார்கள். மல்டிபிள் மைலோமா.

எலும்பு மஜ்ஜைக்குள் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை இருக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் புரதத்தைச் செய்து அனுப்புவது அதன் வேலை. அந்தச் செல்களில் ஒன்று கெட்டுப்போய், தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, எதற்கும் உதவாத ஒரே வகைப் புரதத்தை ராப்பகலாகச் செய்து தள்ளத் தொடங்கினால் அதுதான் இந்த நோய். எலும்பை அரிக்கும். சிறுநீரகத்தை அடைக்கும். அந்த உதவாத புரதத்தின் அளவு ரத்தத்தில் ஓர் எண்ணாகத் தெரியும். எண் ஏறினால் நோய் ஏறுகிறது, இறங்கினால் நோய் இறங்குகிறது.

எண் என்று ஒன்றைக் காட்டினால் எனக்குப் போதும். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கணக்கு வைப்பது என் வேலை. வேலை போய்ப் பல வருடம் ஆகியும் எண்ணுவது போகவில்லை. படி ஏறினால் எண்ணுவேன். எம்ஆர்டி ரயில் பெட்டியில் நிற்பவர்களை எண்ணுவேன். ஆஸ்பத்திரிக் கூரையின் சதுரப் பலகைகளை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தால் என் மனைவி தனம் முழங்கையால் இடிப்பாள். "எண்ணி முடிச்சாச்சா? கூப்பிடறாங்க, எழுந்திருங்க."

முதலில் ஊசி போட்டார்கள். சில வருடங்கள் எண் கீழேயே கிடந்தது. பிறகு மெல்ல ஏறியது. மருந்தை மாற்றினார்கள், இறங்கியது, மறுபடி ஏறியது. இப்படியே கையில் இருந்த மருந்துகள் எல்லாம் தீர்ந்தன. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கும் ஏறக்குறைய அதே வேகத்தில் கரைந்தது. அந்த நிலையில்தான் டாக்டர் ஹோ புது மருந்தைப் பற்றிப் பேசினார். நாற்பது வயதிருக்கும் சீனப் பெண்மணி. சுற்றி வளைக்க மாட்டார். என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வைத்தே எனக்கு விளக்கினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"உங்க துறைமுகத்தையே எடுத்துக்குங்க. செல்லுக்குள்ளே வேலை முடிஞ்ச புரதம், பழுதான புரதம் எல்லாத்துக்கும் ஒரு சீட்டுக் கட்டுவாங்க. அந்தச் சீட்டுக்கு யுபிக்குவிட்டின்னு பேரு. சீட்டுக் கட்டின மூட்டை எல்லாம் ஒரு கிடங்குக்குப் போகும். உள்ளே அதை அரைச்சுத் தூளாக்கும் எந்திரம் இருக்கு. இதுவரைக்கும் உங்களுக்குப் போட்ட ஊசி அந்த எந்திரத்தை நிறுத்தற ஊசி. உங்க புற்றுச் செல் இப்போ அதைச் சமாளிக்கக் கத்துக்கிட்டது."

"சரி."

"கிடங்கு வாசல்லே சில ஆளுங்க நிக்கிறாங்க. மூட்டை உள்ளே போறதுக்கு முன்னாலே சீட்டைக் கழட்டி எடுத்து, அடுத்த மூட்டைக்குக் கட்டத் திருப்பி அனுப்பறது அவங்க வேலை. சீட்டைக் கழட்டாட்டி மூட்டை உள்ளே நுழையாது. புது மருந்து அந்த ஆளுங்களோட கையைக் கட்டிப் போடும்."

எனக்குப் புரிந்தது. வாசலில் சீட்டுக் கழற்றும் ஆள் வராத நாளில் துறைமுகம் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். மூட்டை மலையாகக் குவியும், கட்டச் சீட்டும் இருக்காது. புற்றுச் செல் மற்றச் செல்லைவிட அதிகமாகப் புரதம் செய்கிறது, அதனால் தன் குப்பையிலேயே முதலில் மூச்சுமுட்டிச் சாவது அதுதான் என்பது கணக்கு. அந்த வாசல் ஆட்களுக்கு டியுபிக்குவிட்டினேஸ் என்று பெயர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஃபேரர் பார்க் ஸ்டேஷன் வருவதற்குள் நாக்கு பழகிவிட்டது.

"நல்ல செல்லிலும் அந்த ஆளுங்க இருப்பாங்களே?" என்று கேட்டேன்.

டாக்டர் ஹோ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருக்காங்க. எவ்வளவு மருந்தை நல்ல செல் தாங்கும்னு மனுஷ உடம்பிலே யாருக்கும் இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த முதற்கட்ட ஆய்வு. உங்களைக் குணமாக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

அன்று மாலை பொங்கோலிலிருந்து மகள் உஷா வந்தாள். சாப்பாட்டு மேசையில் பேச்சு நடந்தது.

"வேற என்னப்பா ஆப்ஷன் இருக்கு? எல்லாம் ட்ரை பண்ணியாச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"எலிக்குக் குடுத்துப் பாத்தாங்களாம். எலிக்கு அடுத்து இவருதானா?" என்றாள் தனம்.

"இல்லை. எனக்கு முன்னாடி ஆறு பேருக்குக் குடுத்திருக்காங்க. கொஞ்சங் கொஞ்சமா அளவைக் கூட்டறாங்க. பெரிய ஆபத்து ஒண்ணும் வரலைன்னுதான் சொன்னாங்க."

"அந்த ஆறு பேரும் இப்ப எங்க?"

உஷா தண்ணீர் குடித்தாள். இந்த மருந்துக்குக் கட்டணம் கிடையாது என்று நான் சொன்னபோது மகளின் தோள் சற்றே தளர்ந்ததைப் பார்த்தேன். பணத்துக்காக அவள் என்னை இதில் தள்ளினாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனாலும் தோள் தளர்ந்தது. மறுநாள் கையெழுத்துப் போட்டேன்.

முதல் மாத்திரைக்குப் போன செவ்வாய்க்கிழமை அறையில் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. சுவரோரம் ஒன்றில் மட்டும் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. தேக்கா உணவங்காடியில் சாப்பாடு வாங்கப் போகுமுன் நாம் மேசையில் வைப்போமே, அந்த மாதிரி. அப்படிச் 'சோப்' செய்த, அதாவது பிடித்து வைத்த, இடத்தை இந்த ஊரில் யாரும் தொட மாட்டார்கள். நானும் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"அண்ணே, இங்க வாங்க. உங்களுக்குத்தான் சோப் பண்ணி வச்சிருக்கேன்."

பக்கத்து நாற்காலியிலிருந்த பெண்மணி பாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார்.

"என்னை உங்களுக்குத் தெரியாதேம்மா," என்றேன்.

"தெரியாதுலா. தமிழாளு யாராச்சும் வந்தா பேச்சுத் துணைக்கு ஆகும்னு வச்சேன். நீங்கதான் மாட்டுனீங்க. உக்காருங்க."

அவர் பெயர் பாக்கியம். மார்சிலிங்கில் வீடு. ஒரு தொடக்கப்பள்ளி கேன்டீனில் பானக் கடை வைத்திருந்தவர். பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே பேசிப் பேசி, ஆஸ்பத்திரியிலும் குரலை இறக்கத் தெரியவில்லை. அவருக்கும் இதே நோய், இதே மருந்து.

"நீங்க எப்ப ஸ்டார்ட்டு?"

"இன்னிக்குத்தான்."

"நான் போன வாரம். அப்ப நான்தான் உங்க சீனியர். மரியாதை வேணும், ஆமா."

ஏன் ஒரு வாரம் இடைவெளி என்று பிறகு டாக்டர் ஹோ சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒரே அளவை மூன்று பேருக்குத் தருவார்கள். மூவருக்கும் ஒரே நாளில் தர மாட்டார்கள். முதலில் ஒருவர் விழுங்குவார். ஒரு வாரம் பார்ப்பார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் அடுத்தவர். அந்த முதல் ஆள் யார் என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

வாரம் ஒரு முறை, ஆய்வு நர்ஸ் நூர் ஒரு காகிதக் கோப்பையில் மாத்திரைகளைக் கொண்டுவருவார். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு. அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். பிறகு மணிக்கு ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். பாக்கியம் விழுங்கியதும் இரண்டு ஆரஞ்சுதான். என்னைவிட ஒரு வாரம் முன்னால் விழுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வரும் என்பதை அவர் வந்து சொன்னார்.

"வாயில பழைய அஞ்சு காசைச் சப்புன மாதிரி இருக்கும். ரெண்டு நாள்ல போயிரும்."

இருந்தது. போய்விட்டது.

"இந்த வாரம் உள்ளங்கால் அரிக்கும். பயப்படாதீங்க. நூர் கிட்ட க்ரீம் இருக்கு."

அரித்தது. க்ரீம் இருந்தது.

என்னுடைய அடுத்த வாரம் தலையில் பூப்போட்ட துணியோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தது. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது நிம்மதிப்பட வேண்டிய விஷயம்தானா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒவ்வொரு செவ்வாயும் அவர் முந்தி வந்துவிடுவார். எனக்கான நாற்காலியில் பாக்கெட் இருக்கும். மருந்து முடிந்து சாப்பிட அனுமதித்ததும் பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றித் தருவார். அவருடைய எண் வேகமாக இறங்கியது. என்னுடையதும் இறங்கத் தொடங்கியது. முடிவைப் பார்த்த அன்று உஷா அலுவலகத்திலிருந்து நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கட்டிக்கொண்டது, அதற்குப் பிறகு இதுதான். தனம் அன்று வீராசாமி சாலையில் பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

என் ஐந்தாவது வார மாத்திரைக்கு முந்தைய செவ்வாயன்று பாக்கியம் இருமினார்.

சாதாரண வறட்டு இருமல். பேச்சு நடுவே ஒன்று, பிளாஸ்கைத் திறக்கும்போது ஒன்று. என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பதினொண்ணு," என்றேன்.

"என்னது?"

"இருமல். நூர் கிட்ட சொன்னீங்களா?"

"ஐயோ, இருமலையும் எண்ணுவீங்களா? அண்ணி பாவம்லா! இது ஏர்கான் அண்ணே. மனுஷனை மீன் மாதிரி ஐஸ்ல வச்சா இருமாம என்ன செய்யும்?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்தினார். முதன்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சொன்னா நிறுத்திருவாங்கண்ணே. ரெண்டு வருஷமா எந்த மருந்தும் என் பேச்சைக் கேக்கல. இது ஒண்ணுதான் கேட்டுச்சு."

"எனக்கும் ஒரு வாரம் கழிச்சு அந்த இருமல் வருமேம்மா."

பாக்கியம் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். மூடி எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

"அதை நான் நினைக்கல," என்றார். "சரி. ஒரு வாரம் பாக்குறேன். நிக்கலைன்னா, அடுத்த செவ்வாய் வந்ததும் மொத வேலையா சொல்லிடறேன். நீங்க முழுங்கறதுக்கு முன்னாடி. போதுமா?"

போதும் என்றேன். நானே நூரிடம் சொல்லியிருக்கலாம்தான். இன்னொருவர் உடம்பைப் பற்றி, அதுவும் ஒரு பெண்மணியின் உடம்பைப் பற்றி, நான் போய் எப்படிப் பேசுவது என்று தோன்றியது. அவருடைய தொலைபேசி எண்ணையும் நான் கேட்டதில்லை. அவரும் என்னுடையதைக் கேட்டதில்லை. எங்கள் வயதுக்காரர்களிடம் இந்தக் கூச்சம் உண்டு. குடும்பத்துப் பெண்ணிடம் நம்பர் கேட்பது முறையில்லை என்று வளர்ந்தவர்கள். அண்ணே, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வாரம் முழுக்கப் பேச விஷயம் இருந்தும், செவ்வாய்க்குச் செவ்வாய் மட்டுமே பேசினோம்.

அடுத்த செவ்வாய் நான் போனபோது என் நாற்காலியில் பச்சை நிற டிஷ்யூ பாக்கெட் இருந்தது. பக்கத்து நாற்காலி காலி. துணிப்பை இல்லை, பிளாஸ்க் இல்லை. கழிவறைக்குப் போயிருப்பார் என்று பாக்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. நூரையும் காணோம். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்தது நான் பார்த்திராத ஒரு நர்ஸ். ரத்த அழுத்தம் பார்த்தார், எடை பார்த்தார். காகிதக் கோப்பையை நீட்டினார். ஆரஞ்சு, இரண்டு. தண்ணீர்க் கோப்பையையும் கொடுத்தார். என் இடது கையில் இன்னும் அந்தப் பாக்கெட் இருந்தது.

"எனக்கு முன்னாடி ஒரு அம்மா வருவாங்களே, அவங்க எங்கே?"

"வேற பேஷண்ட் பத்தி நான் பேச முடியாது அங்கிள்."

"வந்தாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"சாரி அங்கிள்."

வந்திருக்கிறார். வராதவர் பாக்கெட் வைக்க முடியாது. வந்தவர் எங்கே? மாத்திரைகள் கோப்பைக்குள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. இதை விழுங்காவிட்டால் எண் ஏறும் என்று தெரியும். கட்டிக்கொண்ட உஷாவின் கை கழுத்தில் இன்னும் இருப்பது போல இருந்தது. "டாக்டர் ஹோ வரட்டும்," என்றேன். நேரத்தோடு விழுங்க வேண்டும் என்றார் நர்ஸ். டாக்டர் வரட்டும் என்று மறுபடி சொன்னேன்.

டாக்டர் ஹோ ஓடிவந்திருக்க வேண்டும். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. கோப்பையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. என் கையிலிருந்து வாங்கி, உள்ளே இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றார்.

"அவங்களுக்கு என்ன ஆச்சு டாக்டர்?"

"என்னால் சொல்ல முடியாது. மன்னிச்சிருங்க."

சொல்லாததிலேயே தெரிந்துவிட்டது. அன்றே என் நுரையீரலை ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. ஆய்வை நிறுத்தி வைத்திருப்பதாகவும், மறுபடி கூப்பிடும்போது வரலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் விவரிக்க விரும்பவில்லை. எண் ஏறியது. மருந்து கொல்லுமா, மருந்தில்லாமை கொல்லுமா என்று இரண்டு பயமும் ஒரே கட்டிலில் என்னோடு படுத்தன. நான் தூங்குவதாக நினைத்துத் தனம் என் முதுகில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். நான் தூங்குவது போலவே கிடப்பேன். உஷா தினமும் கீழே வந்து நின்று போன் செய்வாள், மேலே வந்தால் தனக்கு அழுகை வந்துவிடும் என்று.

எம்ஆர்டியில் யாராவது இருமினால் திரும்பிப் பார்ப்பேன். ஒரு மதியம் தேக்காவுக்குச் சாப்பிடப் போனேன். கூட்ட நேரம். மேசைக்கு மேசை டிஷ்யூ பாக்கெட், ஆளில்லை. எல்லாரும் சாப்பாடு வாங்க வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எழுந்து போய்த் திரும்பாதவர்களின் மேசைகளாகவே கண்ணுக்குப் பட்டன. சாப்பிடாமல் வந்துவிட்டேன். அந்தப் பச்சைப் பாக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது. இன்றும் இருக்கிறது. பிரிக்கவில்லை.

மறுபடி ஸ்கேனுக்குப் போன ஒரு நாள், ஆஸ்பத்திரியின் கீழ்க்கூடத்தில் தூண்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் எதிரே வந்து நின்றார். கையில் ஒரு பெட்டி கேக்.

"மன்னிக்கணும். எண்ணற அண்ணன் நீங்கதானா?"

"யார் நீங்க?"

"பாக்கியத்தோட வீட்டுக்காரர். செல்வராஜ். விரலை மடக்கறதைப் பாத்தேன், நீங்களாத்தான் இருக்கும்னு தோணுச்சு." கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "நர்சுங்களுக்கு. நல்லாப் பாத்துக்கிட்டாங்க."

அந்த இறந்தகாலம் போதுமானதாக இருந்தது. தூணோரம் இருவரும் உட்கார்ந்தோம். அவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். வண்டியை நிறுத்தத்தில் நிறுத்துவது போல ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"காலையில எழுந்திருக்கும்போதே மூச்சு இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்னேன். வேணாம், அது பக்கத்துல வுட்லண்ட்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரும், அந்த அண்ணன் முழுங்கிருவாருன்னா. உங்க நம்பர் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னா. ஆஸ்பத்திரிக்காவது போன் போடுன்னேன். போன்ல சொன்னா வாய்க்கு வாய் மாறிப் போகும், நேர்ல சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்னுட்டா. டாக்சில மார்சிலிங்லேருந்து இவ்வளவு தூரம். வந்ததும் மொதல்ல உங்க சீட்டுல பாக்கெட்டை வச்சா. அப்புறம் அந்த மலாய் நர்ஸ் நூரைக் கூப்பிட்டா. பேசறதுக்குள்ள விழுந்துட்டா."

அவர் கேக் பெட்டியை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"கீழ அவசரப் பிரிவுல மாஸ்க் போட விடலை. கையால தள்ளுறா. அண்ணன் முழுங்கிட்டாரா, அண்ணன் முழுங்கிட்டாரான்னு. டாக்டரம்மா மேல ஓடிப்போயிட்டு வந்து, இன்னைக்கு யாருக்கும் குடுக்கலைன்னு சொன்னாங்க. அதுக்கப்புறந்தான் மாஸ்க் போட விட்டா. மறுபடி பேசலை."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எட்டு எண்கள். ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு எட்டு எண்கள் போயிருந்தால் அவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர் ஹோவிடம் கேட்டேன். பெயர் சொல்லாமல்தான் கேட்டேன். நுரையீரல் அந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டால் நேரம் உதவியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். உண்மையைச் சொல்பவர் அவர். அதனால்தான் அந்தக் கேள்வி முடியாமல் என்னோடு இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து ஆய்வு மறுபடி தொடங்கியது. அளவைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். சம்மதமா என்று கேட்டார்கள். வீட்டில் தனம், "வேணாம்னு சொன்னா கேப்பீங்களா?" என்றாள். எண்ணைக் காட்டினேன். அவள் எழுந்து போய் என் வேட்டியை மடித்து வைத்தாள்.

இப்போது ஆரஞ்சு மாத்திரை ஒன்றுதான். இந்த அளவில் எனக்கு ஒரு வாரம் முன்னால் யாரும் இல்லை. எனக்கு ஒரு வாரம் பின்னால் ஒருவர் வந்தார். ஓங் என்று பெயர், டாக்சி ஓட்டியவர், என்னைவிடச் சின்னவர். அவர் முதலில் வந்த செவ்வாயன்று நான் முந்திப் போய்ப் பக்கத்து நாற்காலியில் பாக்கெட் வைத்தேன். அந்தப் பச்சைப் பாக்கெட் இல்லை, வேறு. அவர் உட்கார்ந்ததும் முதல் வேலையாக நம்பர் கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். எங்கள் பேச்சு ஆங்கிலமும் துறைமுகத்து மலாயும் கலந்தது.

"அங்கிள், ஓகே ஆ?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"வாயில் காசு ருசி. இரண்டு நாள்," என்பேன்.

கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார். அவர் முகத்தில் தெரியும் நிம்மதி எனக்கு நன்றாகத் தெரிந்த நிம்மதி. பார்க்க முடியாமல் கூரையைப் பார்ப்பேன்.

எண் இறங்கியது. முன்பு போல வேகமாக இல்லை, ஆனாலும் இறங்கியது. போன வாரம் வந்த முடிவை உஷாவுக்கு அனுப்பினேன். கைப்பேசித் திரை நிறைய இதயப் படங்களை அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது இருமினேன். பற்பசை தொண்டையில் பட்டிருக்கும். பேப்பர் படிக்கும்போது ஒன்று. மழைக்காலம்தானே. தனம் சமையலறையில் இருந்தாள், கேட்டிருக்க மாட்டாள். மாலையில் ஒன்று. செவ்வாய்க் காலை லிஃப்ட்டில் ஒன்று. அரிசிப் பையோடு முதுகு நொறுங்கிய அதே லிஃப்ட். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஏர்கான் என்று சொல்ல அங்கே ஏர்கான்கூட இல்லை.

நூர் வழக்கம் போல அட்டவணையைப் பார்த்துக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். காய்ச்சல்? இல்லை. வாந்தி? இல்லை. அரிப்பு? கொஞ்சம். காகிதக் கோப்பை மேசையில் இருந்தது. உள்ளே ஆரஞ்சு ஒன்று.

"இருமல், மூச்சுத் திணறல்?"

இருக்கிறது என்றால் நிறுத்திவிடுவார்கள். இது ஒன்றுதான் என் பேச்சைக் கேட்டது. பாக்கியம் எந்த நிலையில் இருந்துகொண்டு அந்தப் பிளாஸ்க் மூடியைத் திருகினார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

"இருக்கு," என்றேன். "நேத்திலிருந்து நாலு தடவை."

நூர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். கதவு திறந்தபடி இருந்தது. வெளியே ஓங் அப்போதுதான் வந்திருந்தார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, எனக்காக ஒரு டிஷ்யூ பாக்கெட்டை அதில் வைத்துக்கொண்டிருந்தார்.